ஹீட்டருக்கு ஊற்றிய பைப் தண்ணீர்

அன்புள்ள அப்பா,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் நல்ல சுகம். என் பழைய காருக்குத்தான் சுகமில்லாமல் போனது. ஹீட்டர் சூடு தரவில்லை. றேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருந்தது. வெள்ளவத்தையில் நீங்கள் தினமும் காலையில் ஊற்றுவது போல நானும் பைப் தண்ணீரை ஊற்றினேன்.

அதைச் சொன்னதும் கராஜ் அண்ணை தலையில் கை வைத்தார். “தங்கச்சி, இது கனடா! தண்ணி உறைஞ்சா எஞ்சினே வெடிக்கும்.” எல்லாவற்றையும் வடித்துவிட்டு, குளிரில் உறையாத கூலன்ட் ஊற்றித் தந்தார். பயப்படாதீர்கள், இப்போது நல்ல சூடு.

கிருலப்பனை றோட்டு நெரிசலில் எஞ்சின் கொதித்தால், அதைத் தணிக்க நீங்கள் ஹீட்டரைப் போடுவீர்கள். “அப்பா, வேர்க்குது!” என்று பின்சீற்றில் இருந்து கத்துவேன். இப்போது அந்தச் சூட்டில் தனியே வேலைக்குப் போகிறேன்.

நேரமாகிறது. நாளை காருக்குத் தண்ணீர் ஊற்றும்போது எனக்கு ஒரு கோல் எடுங்கள். கதைக்க வேண்டாம், தண்ணீர் விழும் சத்தம் கேட்க போனைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

மகள்
மேனுகா