சின்னவன் வண்டியின் பின் டிஃபரென்ஷியல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, என் முட்டிவலி மட்டும் வழக்கம்போல என்னோடுதான் இருக்கிறது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். என்ன அம்மா திடீரென்று கடிதமெல்லாம் என்று நினைப்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தானே தீர வேண்டும், அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று, சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, இப்போது வீடு இன்னும் அமைதியாகிப்போய் அந்தச் சத்தமே தேவலை போலிருக்கிறது. மாடி வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, போய்ப் பார்த்தேன், தூக்கவில்லை, கை வரவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் வண்டியை அப்பா பிரித்தது பற்றித்தான். நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொள், அப்புறம் கோபப்படு. சின்னவன் போனபிறகு அந்த வண்டி அவன் அறையில் ஜன்னலோரம் அப்படியே கிடந்தது. ஏழு கழுதை வயசாகியும் ரிமோட்டை வைத்துக்கொண்டு பொம்மை வண்டி ஓட்டுகிறானே, அதுவும் நல்ல ரோட்டை விட்டுவிட்டுக் கல்லிலும் பள்ளத்திலும்தான் ஏற்றுவேன் என்கிறானே என்று நான் அவனை எவ்வளவு திட்டியிருப்பேன். ஒரு நாள் அப்பா அதன் பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கூடத்தில் ஓட்டிப் பார்த்தார். நேராக ஒழுங்காகத்தான் போனது, திரும்பும்போது மட்டும் டயர் தரையில் தேய்ந்து முக்கி முக்கித் துள்ளியது. உன் அப்பா பஸ் டிப்போவில் டிஃபரென்ஷியல் பிரித்தே தலை நரைத்தவர், உனக்குத் தெரியாததா. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் ஓட விடுவதுதான் அதன் வேலை, இரண்டும் இறுகி ஒன்றாகச் சுற்றினால் பஸ்ஸில் அது கோளாறு, விட்டால் ஆக்ஸில் முறியும். கவனிக்க ஆளில்லாம இறுகிப்போச்சு பாரு, பாவம் என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேஜைமேல் பேப்பர் விரித்துப் பிரித்தார். பின்பக்கத்தில் பல்சக்கரங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. காய்ந்துபோன கிரீஸ் என்று நினைத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, புது எண்ணெய் விட்டு மூடினார். அப்புறம் பார்த்தால் மேஜைக் கால்களைச் சுற்றிச் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. பாத்தியா, எப்படித் திரும்புதுன்னு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சின்னவன் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சின்னவனோடு சேர்ந்து வண்டி விடுவானே, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பையன், அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கூப்பிட்டான். கல் உடைத்துக் கைவிட்ட மேட்டில் சின்னவன் வண்டியை எல்லாருமாக ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம் என்றான். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார், நானும் போனேன். பாதிப் பாறையில் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. அது மட்டும் கிர்ரென்று சுற்றுகிறது, கல்லைத் தொட்டுக்கொண்டிருந்த மற்றது அசையவே இல்லை, வண்டி சறுக்கிக் கீழே விழுந்தது. அந்தப் பையன் எடுத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, அங்கிள், பின்னாடி லாக் பண்ணியிருந்தானே, அது எங்க என்று கேட்டான். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டாலும் மற்றது இழுத்துக்கொண்டு ஏறட்டும் என்று சின்னவன் வேண்டுமென்றே அடைத்து வைத்ததாம் அது. நீ பார்சலில் அனுப்பிய பசையாம், நீ வீடியோவில் சொல்லச் சொல்ல அவன் விரலாலேயே அடைத்தானாம். அப்பா வண்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அந்தப் பையன் சொல்லித்தான் நீ அன்றைக்கே கூப்பிட்டாய். அவன் கையால செஞ்சது அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு, அதையும் கழுவி ஊத்திட்டீங்களே என்று கேட்டுவிட்டு வைத்தாய். நீ கேட்டதில் தப்பில்லை, உன் வயிறும்தானே எரிகிறது. ஆனால் அதில் மனிதர் ஒடிந்துபோனார். தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. யார் போன் அடித்தாலும் நிமிர்ந்து பார்க்கிறார், நீ இல்லை என்றால் குனிந்துகொள்கிறார். மண்ணெண்ணெய் கொட்டிய சாக்கடையோரம் உட்கார்ந்து குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார், நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். அவர் தெரிந்தா செய்தார்? பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது ஒன்றும் செய்ய முடியாமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் சும்மா கிடந்த கை அது, தனக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்தால் விடுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ வந்து சேர்வதற்குள் தம்பியை எடுத்துவிட்டோம். கூடப் பிறந்தவன் வரலையா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, அவன் அங்க தனியா கிடந்து அழுதுட்டிருப்பான், அவனைப் பத்தி யாரும் வாயத் திறக்காதீங்க என்று சீறினவர் உன் அப்பா. இன்றுவரை என்னிடம்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் இனிக் கூப்பிடவே முடியாது. நீ கூப்பிட முடிந்தும் கூப்பிடாமல் இருக்கிறாய். இதை நாங்கள் எப்படித் தாங்குவது, நீயே சொல். அந்தப் பையன் வேறு பசை கொண்டுவந்து அடைத்துத் தருகிறேன் என்றான், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பெரியவன் சொல்லித்தான் சின்னவன் செஞ்சான், பெரியவன் சொன்னா நானும் செய்யறேன், இல்லைன்னா அப்படியே இருக்கட்டும் என்கிறார். சண்டை போடவாவது கூப்பிடுடா, அவர் கேட்டுக்கொள்வார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வீட்டில்தான் இருப்பார், மறந்துவிடாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பி.கு.: மடித்து உறையில் போடும்போது அப்பா வந்து, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். நீங்களும் ஒரு வரி எழுதுங்க என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டார். கீழே இருக்கிற மைப்பொட்டு அவருடையது.