கிணற்றுக்குப் பத்தடியில் கக்கூஸ்

ஓகஸ்ட் 14, வியாழன்

ஊழியத்துக்கு வந்த வெளிநாட்டுச் சபைக்காரர் ஆலங்குடாவில் மேரி அக்காவுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்கள், கிணற்றுக்குப் பத்தடியில். மணல் தரை, எல்லாம் கிணற்றுக்குள் ஊறும் என்று குழி வெட்டும்போதே சொன்னேன்.

"படிச்ச திமிரைக் காட்டாத தம்பி. உதவிக்கு வந்த சனம்," என்றார் நம் பாஸ்டர்.

இரண்டு கிழமையாக அந்தக் கக்கூஸைப் பாவிக்கிறவர்கள் அந்த வெளிநாட்டுக்காரர்கள்தான். குடிப்பது மட்டும் போத்தல் தண்ணீர்.

இன்று அக்கா வாளியை என் மூக்கடியில் நீட்டினார். "மணந்து பாருடா. இதைத்தான் என்ட புள்ளையள் குடிக்குதுகள்."

நாளைக்கு அவர்களுக்குப் பிரியாவிடை. அக்கா நன்றி சொல்ல வேண்டுமாம், இங்கிலீஷில் மொழிபெயர்ப்பது நானாம். அக்கா மரியாதைக்கு நன்றி என்றுதான் சொல்வார். நான் கிணற்றைப் பற்றிச் சொல்வேன். பாஸ்டருக்கும் இங்கிலீஷ் நன்றாக விளங்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வேன்.