விரால் பிழைத்த கிணறு

செப்டம்பர் 3, 1991

பேனா மை தீர்ந்துவிட்டது. இனி பென்சில்.

இன்று என் பங்குத் தண்ணீரில் அரை டம்ளர் மிச்சம். அண்ணியின் குடத்தில் ஊற்றினேன். பார்த்துவிட்டாள். "உங்க அண்ணனும் ஊத்தறாரு, நீயும் ஊத்தற. என்னிய இன்னா நாத்தங்கால்னு நெனச்சிகினீங்களா?" சிரித்தாள். ஏழாம் மாதம். பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

மழை பொய்த்து மூன்றாம் வருடம். கம்பெனி முதலாளிகள் ஷெட்டுகளைப் பூட்டிக்கொண்டு போனார்கள், ரசாயனப் பீப்பாய்களை விட்டுவிட்டு. அவை துருப்பிடித்து ஒழுகி, பென்னலூர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. என் கல்லூரியும் மூடியாயிற்று. எம்.ஏ. பாதியில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இருக்கிறோம். அதுவே இன்றைய செய்தி.

செப்டம்பர் 8

ஞாயிறு. தண்ணீர் லாரி வரும் நாள். ஓட்டுநர் கன்னியப்பன் குழாயைத் திறக்காமல் நின்றார்.

"இந்த மாசத்தோட பென்னலூர் லைன் கட். எல்லாம் குன்றத்தூர் வந்துருங்க. மலை அடிவாரத்துல முகாம் கீது."

"இவள மட்டும் வண்டியில ஏத்திக்கயா," என்றான் அண்ணன், அண்ணியைக் காட்டி.

"ஆள் ஏத்துனா பர்மிட்ட புடுங்கிடுவான்பா. தண்டலத்துல செக்போஸ்ட். அப்பால எந்த ஊருக்கும் தண்ணி போவாது."

நியாயம்தான். நியாயத்தின்மீது எப்படிக் கோபித்துக்கொள்வது?

போன மாதம் அண்ணிக்கு உதிரம் பட்டது. நடக்கவே கூடாது என்று மருத்துவச்சி சொன்னாள். இப்போது அவளும் ஊரில் இல்லை.

செப்டம்பர் 9

தோப்புக் கிணற்றில் நீர் ஊறியிருக்கிறது. வாடை இல்லை. நிறம் இல்லை. அது நல்ல தண்ணீரானால் யாரும் போக வேண்டாம்.

எங்கள் ஊருக்கு ஒரே சட்டம்: கிணற்றில் கெண்டை விட வேண்டும். மூன்று நாள் உயிரோடிருந்தால் குடிக்கலாம். செத்தால் கிணற்றை முள் போட்டு மூட வேண்டும். நாங்கள் மிஞ்சியிருப்பது இந்தச் சட்டத்தால்தான்.

செப்டம்பர் 11

கெண்டை எங்கும் இல்லை. அண்ணன் ஏரி மதகடியில் சேற்றைத் தோண்டி இரண்டு மீன் கொண்டுவந்தான். விரால்.

"மீன் மீன்தானே," என்றான். இரண்டையும் கிணற்றில் விட்டார்கள்.

செப்டம்பர் 13

விரால் துள்ளுகிறது. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. பக்கத்து நிலத்துத் தாண்டவராயன் கூட வந்தார். அப்பா காலத்து வரப்புச் சண்டை, எங்களோடு பேசுவதில்லை. கிணற்றைப் பார்த்துச் சொன்னார்: "சோக்கா கீது."

விரால் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. மறுபடி வந்தது.

அது காற்றை மூச்சு வாங்கும் மீன். வெறும் சேற்றில் கிடக்கும். தண்ணீர் எப்படியிருந்தாலும் அதற்கு என்ன?

ஏரி மீன் தின்று வளர்ந்த ஊர். ஒருவருக்குக் கூடவா தெரியாது?

செப்டம்பர் 14

தெரியும். எல்லாருக்கும். அண்ணி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதற்காகத் தெரியாமல் இருக்கிறார்கள்.

நாளை, முதல் சொம்பு அவளுக்கு.

நானும் சொல்லவில்லை. சொன்னால் அவள் நடக்க வேண்டும். சொல்லாவிட்டால் குடிக்க வேண்டும்.

செப்டம்பர் 15

சொல்லிவிட்டேன்.

அண்ணன் சேந்திய குடத்தை அண்ணியிடம் நீட்டும்போது சொன்னேன். "அது விரால்ண்ணா. காத்துல மூச்சு வாங்குது. சாக்கடையில போட்டாலும் அது இருக்கும். அதக் காட்டி அண்ணிக்குக் குடுக்காதண்ணா."

"படிச்சது போதும். மூடிகினு போ." என்னிடம் அப்படி அவன் பேசியதே இல்லை.

புளியமரத்தடியில் தாண்டவராயன் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா சொல்றது கரீட்டு. மீனு வுட்ட அன்னிலேர்ந்து நான் குடிச்சிகினு கீறேன். ரெண்டு நாளா வவுத்தப் பொரட்டுது."

"நீ ஏன்யா குடிச்ச?" என்றான் அண்ணன்.

"வெராலுங்கள நம்பி ஒரு புள்ளத்தாச்சிக்குக் குடுக்கச் சொல்றியா? அதான் நானே குடிச்சிப் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

தாண்டவராயன் அண்ணியின் காலைப் பார்த்தார். "சொன்னா அது நடக்கணுமே."

அண்ணன் குடத்தைக் கவிழ்த்தான். ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை. மதியம் லாரி வந்ததும் கன்னியப்பனிடம் கெண்டை கேட்டான்.

செப்டம்பர் 22

கன்னியப்பன் குன்றத்தூர்க் குளத்திலிருந்து பால் கேனில் கெண்டை கொண்டுவந்தார். ஊருக்கு அளந்த டேங்கைத் தொடாமல், வழியில் நீர் சூடாகாமலிருக்கத் தன் குடிதண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டே வந்தாராம். உதடு வெடித்திருந்தது. நாங்கள் நீட்டிய டம்ளரை முதலில் வாங்க மறுத்தார்.

செப்டம்பர் 23

கெண்டை வயிற்றைக் காட்டி மிதக்கிறது. கிணற்றை முள் போட்டு மூடினோம்.

செப்டம்பர் 24

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மீன் செத்ததற்கும் நான்தான் காரணம் போல.

அண்ணி கூப்பிட்டு என் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே ஓர் உதை. "அது உன்னாண்டதான் பேசுது வாணி. உங்க அண்ணனும் பேசுவாரு. கொஞ்சம் டைம் குடு."

செப்டம்பர் 26

காலையில் வெட்டும் சத்தம். தாண்டவராயன். சண்டைக்குக் காரணமான அந்த வரப்பின் மூங்கிலை வெட்டிக்கொண்டிருந்தார். எது யாருடைய மூங்கில் என்று அண்ணன் கேட்கவில்லை. போய் மறுமுனையைப் பிடித்தான்.

எங்கள் கயிற்றுக் கட்டிலின் இரு பக்கமும் மூங்கிலைக் கட்டினார்கள். அண்ணியைக் குன்றத்தூருக்குத் தூக்கிப் போவதற்கு. கட்டி முடித்ததும் எல்லாரும் ஒரு நொடி பார்வையைத் திருப்பிக்கொண்டோம். அது எதைப்போல் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணிதான் சொன்னாள். "தாரை தப்பட்ட மட்டுந்தான் கொறச்சலு."

தாண்டவராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. "கால முன்னால நீட்டிப் போறது செத்தவன். நீ தலைய முன்னால வெச்சிப் படுத்துக்க. எவன் கேட்டாலும் சொல்லு, உசுரோட போறேன்னு."

செப்டம்பர் 29

விடியலில் கிளம்பினோம். இரவே வந்து தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருந்த கன்னியப்பன் லாரியை எங்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஓட்டி வந்தார். டேங்கில் பாதியை மிச்சம் வைத்திருந்தார்.

"பர்மிட் போவாதா?"

"ஆள ஏத்தக்கூடாதுன்னுதான் ரூலு. பின்னால வரக்கூடாதுன்னு எவனும் எழுதல."

நாலு பேர் தூக்க, நாலு பேர் தோள் மாற்ற. நானும் தூக்கினேன். என் முன்னால் அண்ணன். தோளை மாற்றும்போது திரும்பாமலே சொன்னான்: "துணிய மடிச்சி வெச்சிக்க வாணி. தோலு உரியும்."

வெயிலில் கண் கூசி அழுகை வந்தது. வெயிலில்தான்.

தலை முன்னால் வைத்துப் படுத்ததால் அண்ணி மட்டும் கடைசிவரை ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாங்கள் ஒருவரும் திரும்பவில்லை.

அக்டோபர் 1

குன்றத்தூர். வந்துவிட்டோம். தோள் உரிந்துதான் போயிற்று. எட்டுத் தோளும்.

அக்டோபர் 17

மழை இல்லை. ஒரு மேகம் வந்து மலைமேல் நின்றுவிட்டுப் போனது. அதற்கும் நன்றி.

நவம்பர் 9

பெண். நேற்று மாலை. அண்ணி நன்றாக இருக்கிறாள். "இந்தா, ஒனக்கு முந்தி வவுத்துக்குள்ளயே ஊர்வலம் போனவ," என்று பிள்ளையை என் மடியில் போட்டாள்.

முதல் குளியலுக்கு, வெந்நீரில் விளாவத் தண்ணீர் எடுக்கத் தாண்டவராயன் குளத்துக்குப் போனார். வயிறு இன்னும் சரியில்லை, கஞ்சிதான் குடிக்கிறார். படியில் குந்தி வெகுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெந்நீர் ஆறிடப்போவுது மாமா, கொண்டாங்க," என்று அண்ணன் கத்தினான். மாமா என்கிறான் இப்போது.

"இர்றா. கெண்டை வரட்டும்."

வந்தது. குடத்தை முக்கினார்.

நான் அதற்கு முன்பே அந்தக் குளத்தில் இரண்டு கை அள்ளிக் குடித்திருந்தேன். மீனைப் பார்க்காமல். அது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.