ஊரில பத்து மாசம், வவுனியாவில இருபத்தாறு

யூலை 14, திங்கள்

கடிதம் வந்த நேரம் வீட்டில நிண்ட ஆக்கள்: நான், என்ர மனுசன் அப்புத்துரை, மகன் கேதீஸ், மருமகள் சுமித்திரா, பேத்தி லக்சிகா. தபால்காரரையும் சேர்த்தால் ஆறு பேர். அவர் தண்ணி குடிச்ச பிறகும் போகாமல் நிண்டு பாத்தவர்.

லக்சிகாவுக்குக் கல்வியியற் கல்லூரியில இடம் கிடைச்சிருக்கு. ஓகஸ்ட் 11 காலமை அசல் சான்றிதழுகளோட போய்ப் பதியவேணும். போகாட்டி அந்த இடம் வேறை பிள்ளைக்கு. படிச்சு முடிச்சால் ரீச்சர் வேலை.

பேராதனைக் கம்பசில, பல்கலைக்கழகத்தில, இடம் கிடைக்குமோ எண்ட முடிவு இன்னும் வரேல்ல. எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரண்டு இடத்திலயும் பதிஞ்சு வைக்கேலாதாம்.

கேதீஸ், "ஏன் அந்தரப்படுறியள்? போன வருசம் எங்கட முல்லைத்தீவு மாவட்டத்துக்குக் கம்பஸ் எடுத்த கடைசிப் புள்ளியை விட இவளுக்குக் கூட. காத்திருப்பம்" எண்டான்.

"கையில வந்ததை விட்டிட்டு, பிறகு ரண்டும் இல்லையெண்டால்?" எண்டாள் சுமித்திரா.

இவர் வெத்திலைத் தட்டத்தைத் தேடினார். அவரின்ர கருத்து அவ்வளவுதான்.

லக்சிகா என்னைப் பாத்தவள். ஏன் என்னைப் பாத்தவள்?

யூலை 19

காத்திருக்கிறதெண்டு முடிவு மாதிரித்தான். கேதீஸ் வாய்க்கால் கட்டில நிண்ட ஆக்கள் எல்லாருக்கும் பேராதனை எண்டு சொல்லிப்போட்டான்.

யூலை 22

மல்லாவிச் சந்தையில சஜீவனைக் கண்டன். கல்விக் கந்தோரில வேலை செய்யிற பெடியன். "எங்கட பிள்ளைக்கு முல்லைத்தீவுக் கணக்குத்தானே தம்பி?" எண்டு சும்மாதான் கேட்டனான்.

"விலாசம் பாக்கமாட்டினம் அன்ரி. சோதினைக்கு முந்தின மூண்டு வருசத்தில எந்த மாவட்டத்தில கனகாலம் படிச்சவவோ, அந்த மாவட்டம்தான்."

"அப்ப வவுனியா எண்டால்?"

"அங்க புள்ளி கூட வேணும்."

கத்தரிக்காய் வாங்கப் போனனான். வாங்காமல் வந்திட்டன்.

யூலை 23

நான் ஐஞ்சாம் வகுப்புத்தான். ஆனா எனக்குத் தேதி மறக்கிறதில்லை.

2022 செப்டெம்பர் 30, வெள்ளி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில பரிசளிப்பு. லக்சிகாவுக்கு மூண்டு பரிசு. நான் முன்வரிசைக் கதிரையில இருந்தனான். செல்வநாயகம் மாஸ்டர் மைக்கைக் கையில பிடிச்சபடி வந்து, "ஆச்சி, எழும்பிப் பின்னுக்குப் போங்கோ, இது விருந்தாளியளுக்கு" எண்டார். மைக் வேலை செய்துகொண்டு இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆர் ஆர் சிரிச்சதெண்டு இண்டைக்கும் பேர் சொல்லுவன்.

திங்கக்கிழமையே பிள்ளையை வவுனியாவில என்ர மகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டன். அங்க நல்ல ரியூசன் இருக்கெண்டு எல்லாருக்கும் சொன்னனான். அவள் வழி நெடுக அழுதவள். நான் யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு இருந்தனான்.

மூண்டு வருசமெண்டால் முப்பத்தாறு மாசம். ஊரில பத்து. வவுனியாவில இருபத்தாறு. விரல் விட்டு மூண்டு தரம் எண்ணிப் பாத்திட்டன்.

யூலை 28

சொல்லேல்ல. வாயில வந்தது. கேதீஸ் சிரிச்சுக்கொண்டு நிண்டான்.

ஓகஸ்ட் 2

இந்த வீட்டில எந்த அறைக்குள்ள போனாலும் அவளின்ர புத்தகம் கிடக்கு. குசினிக்குள்ள போனால் சுமித்திரா, "மாமி, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, உங்கட மகன் கேப்பார்" எண்டுறாள். வெளியில வந்தால் கேதீஸ். எங்க போறது நான்?

சொன்னால் பிள்ளைக்குக் கல்லூரி மிஞ்சும். எனக்கு? மகன் என்ர முகத்தில முழிப்பானோ? பேசாமல் இருந்தால் முடிவு வரும்வரைக்கும் நான் நல்ல மனுசி.

சீ. இதென்ன நினைப்பு.

ஓகஸ்ட் 9, சனி

கிணத்தடியில உடுப்புத் தோய்க்கேக்க அவளுக்குச் சொல்லிப்போட்டன். தேதி, மாசம், மாவட்டம், எல்லாம்.

அவள் கையில இருந்த சட்டையைப் பிழிஞ்சு முடிச்சாள்.

"எனக்குத் தெரியும் அப்பம்மா. விண்ணப்பம் நிரப்பினது நான்தானே."

"பிறகேனடி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனி?"

"சொன்னால் அப்பா உங்களைப் பேசுவார். பிறகு நீங்கள் அப்பாவோட எத்தினை வருசம் கதைக்கமாட்டியளோ. உங்கட கோவத்தோட ஆர் மாரடிக்கிறது?" சிரிச்சுக்கொண்டுதான் சொன்னாள். "வவுனியாவுக்குப் புள்ளி இறங்கும் எண்டு ஒரு நப்பாசையும்."

எனக்குப் பயந்தே வாயைத் திறக்கேல்ல. பத்தொன்பது வயசுப் பிள்ளை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க நானே சொன்னன். ரியூசன் எண்டது பொய் எண்டும் சொன்னன். கேதீஸ் பேசுவான் எண்டு பாத்தன். சோத்துக் கோப்பையிலயே கையைக் கழுவினான்.

"ஒரு கதிரைக்காகவோ அம்மா?"

அதை மட்டும்தான் கேட்டான்.

ஓகஸ்ட் 11

போயிட்டாள். தகப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான். நான் வாசல் படலை வரைக்கும். "வாறன் அப்பம்மா" எண்டு அவள்தான் சொன்னாள். அவன் திரும்பிப் பாக்கேல்ல.

செப்டெம்பர் 6

கேதீஸ், "சோறு போடுங்கோ" எண்டான். போட்டன்.

ஒக்டோபர் 4

கம்பஸ் புள்ளி வந்திட்டுது. கேதீஸ் போனில பாத்து வாசிச்சான். முல்லைத்தீவெண்டால் லக்சிகாவின்ர புள்ளி போதும். வவுனியாவுக்குப் போதாது. போனைக் கவிட்டு வைச்சிட்டு வயலுக்குப் போயிட்டான்.

பின்னேரம் லக்சிகா போன் எடுத்தவள். கல்லூரியில சோறு குழைஞ்சு போகுதாம், பக்கத்துக் கட்டில் பிள்ளை நித்திரையில கதைக்குதாம். புள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேக்கேல்ல.

இவர் வெத்திலையைத் துப்பிப்போட்டுக் கேட்டார், "இஞ்சேரும், இப்பவும் அந்த மாஸ்டரோட கோவமோ?"

செல்வநாயகம் மாஸ்டர் செய்தது பிழை. சாகும்வரைக்கும் பிழையெண்டுதான் சொல்லுவன். ஆனா பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்தில இருந்து எடுத்தது அவரில்லை. சிரிச்ச ஆக்களுமில்லை. அவையளை விட்டிட்டன்.

ஒரு ஆளை மட்டும் மன்னிக்கமாட்டன். அப்புத்துரை பெண்சாதி இராசேஸ்வரி.