புஷ்பத்தின் கழுத்தை இழுத்தது யார்?

என் அருமைப் புஷ்பம் அண்ணிக்கு,

அண்ணி என்று எழுதியதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒரே வயது, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடு, 'ஏய் சரோ', 'ஏய் புஷ்பு' என்று கத்தியே வளர்ந்தவர்கள் நாம். என் அண்ணன் முருகையா உன்னைக் கட்டிக்கொண்டதால் வந்த மரியாதை இது. நீ போய் ஒரு வருஷமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி நிறையச் சேர்ந்துவிட்டது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் அந்தக் கழுத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. எழுபதுகளின் கடைசியில் உன் தலை தானாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. நேராக வைப்பாய், மெல்ல இழுத்துக்கொண்டு போய்விடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சுளுக்கு என்றார். பூசாரி, ஏதோ ஒன்று பிடித்துத் திருகுகிறது என்றார். நீயோ கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போய்விடுவாய். "முன்னாடி கொழுந்தும் தெரியுது, பின்னாடி வேலை வாங்க வர்ற மண்டோரும் தெரியுது, நல்லதுதான் லா" என்பாய்.

தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், கட்டினால் உன்னைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அம்மா முடியவே முடியாது என்றார். அம்மாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது: உடனே வா, உன் அண்ணனுக்குப் புத்தி சொல்லு.

நான் அப்போது கோலாலம்பூரில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எலியின் முதுகுத்தண்டு நரம்பை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. எலியின் கழுத்தில் ஒரே ஒரு தசையில் மருந்து ஏற்றுவார்கள். அது நரம்பு வழியே மேலேறி, அந்தத் தசையை ஆட்டுவிக்கும் உயிரணுக்களில் மட்டும் போய்த் தங்கும். பிறகு சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அவை மட்டும் நீலமாகத் தெரியும். எத்தனை அழகு தெரியுமா? ஒரு தசைக்கு உரியவை எல்லாம் சிதறாமல், பல முதுகெலும்புகளின் நீளத்துக்கு ஒரு தூண் மாதிரி நிற்கும். பக்கத்துத் தசைக்குப் பக்கத்தில் வேறொரு தூண். ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம். உன் கழுத்தை நினைக்காமல் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பஸ் பிடித்து மலையேறி வந்தேன். எங்கள் வீட்டு அடுப்படியில் நீ, அம்மா, நான். தரையில் கரித்துண்டால் முதுகுத்தண்டை வரைந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தலையை இடது பக்கம் திருப்புறதுல முன்கழுத்தோட வலது பக்கத் தசைக்குப் பெரிய பங்கு. டிரஸ்ஸர் இத்தனை நாளா இடது பக்கம் மட்டும் தைலம் தேய்ச்சிருக்காரு."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப அந்த அணுவெல்லாம் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. அதுங்க சொன்ன வேலையைச் செய்யுதுங்க. மேலே மூளையிலேருந்து வர்ற உத்தரவுதான் தப்புன்னு எங்க ஆய்வுக்கூடத்துப் புரொபசர் நினைக்கிறாரு."

"பாத்தீங்களா அத்தை!" என்று நீ துள்ளினாய். "கொழுந்து பறிக்கிறவங்க மேல தப்பில்ல. பங்களாவுல இருக்கிற துரைதான் தப்பு!"

அம்மாவின் உதட்டோரம் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. ஆனாலும் விடவில்லை. "பிள்ளைங்களுக்கும் வருமாடி?"

"வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. பேய் இல்லன்னு மட்டும் பண்றேன்."

உன் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் நீ மெதுவாக, "அத்தை, என் தாடையில ஒரு விரலை வையுங்க. அழுத்த வேணாம், சும்மா தொடுங்க" என்றாய். அம்மா தயங்கித் தயங்கித் தொட்டார். உன் தலை தானாக நேரே வந்து நின்றது. விரலை எடுத்தார், திரும்பியது. வைத்தார், நேரானது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு அம்மா குழந்தை மாதிரி சிரித்தார். "அட, என் விரலுக்கு அடங்குதுடி!"

ஏன் அடங்கியது? புரொபசரிடம் கேட்டேன். இப்படிச் சிலருக்கு உண்டு, காரணம் இன்னும் சரியாகத் தெரியாது என்றார். அம்மாவுக்குக் காரணம் தேவைப்படவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அண்ணன் தாலி கட்டியபோது உன் பக்கத்தில் நின்று தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது அம்மாவின் விரல்தான். கூட்டமே சிரித்தது. நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

ஆறு வருஷம் நன்றாக வாழ்ந்தாய். கழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

இனி சேதிகள். உன் மகள் கவிதா பாலர் பள்ளிக்குப் போகிறாள், வாயாடி. அண்ணன் இப்போது கோலா தெர்லா ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான். இந்தக் கழுத்து நோய்க்கு வெளிநாட்டில் ஏதோ ஊசி போட்டுப் பார்க்கிறார்களாம். அந்தச் சேதி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் உன் படத்தைப் பெரிதாக்க டவுனுக்குப் போனோம். "தலை இடது பக்கமா திரும்பிச் சாஞ்சிருக்கே, நேராக்கித் தரவா?" என்றார் ஸ்டூடியோக்காரர். அண்ணன் படத்தைப் பிடுங்கிக்கொண்டான். "வேணாம். நான் எப்பவும் அவளுக்கு இடது பக்கந்தான் உக்காருவேன். அவ என்னையப் பாத்துக்கிட்டே இருப்பா."

புஷ்பு, கவிதா வளர்ந்து உன்னைப் பற்றிக் கேட்கும்போது எதையும் நேராக்காமல், இருந்தது இருந்தபடியே சொல்வேன். இது சத்தியம்.

உன் முகம் பார்த்து வளர்ந்த நாத்தனார்,
சரோஜா