நீ வாய்விட்டுச் சிரிக்கும் படம்

அக்கா,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இந்தப் படத்தால் வீட்டில் ஒரு நாள் சண்டை வரும், அப்போது நான் ஒருவன்தான் உன் பக்கம் நிற்பேன் என்று ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் வைத்தே சொன்னேன். நீதான் காதில் வாங்கவில்லை.

இன்று காலை மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனி கேட்டுக்கு அடிக்க எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நாளைக்கு உன் வருஷத் திதி. அந்தப் படத்தை மாட்டக் கூடாது என்கிறான் உன் மகன் நாகராஜ்.

நம் ஆட்கள் ஊருக்குப் போவதென்றால் ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, இல்லையென்றால் மாதேஸ்வரன் மலை. கௌதள்ளியில் பிறந்து, மைசூரில் ஊதுபத்தி உருட்டியே முதுகு வளைந்தவள் நீ. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டு, ராத்திரி சத்திரத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம் என்று நான் கூப்பிட்டபோது பயந்துபோனாய்.

“யாராச்சும் கேட்டா என்னடா சொல்றது?”

“சும்மான்னு சொல்லு.”

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டதுமே, நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாய். இல்லாத நாத்தனாருக்கு என்ன வியாதி என்று இறங்கும் வரை அவள் விசாரித்தாள். கோபுரம் தெரிந்ததும் கும்பிட்டாய். உள்ளே போனால் அதுவே காரணமாகிவிடும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அவரோடு பழக்கம் உண்டு.

அந்தச் சின்ன ஊரே ஒரு தினுசு. சனிக்கிழமையானால் ஓவியம் படிக்கிற பிள்ளைகள் பலகையும் தோள்பையுமாக ஆற்றுப்படிகளில் உட்கார்ந்துவிடுவார்கள். மண்டபத்தில் ஒருவன் புல்லாங்குழல் பழகுவான். டீக்கடைச் சுவரில்கூடப் படம். நானும் பெயிண்டர்தான், அரண்மனைக்கே அடித்தவன் என்று அவர்களிடம் சொன்னேன். அடித்தது அரண்மனைக்கு எதிரில் இருக்கிற ஓட்டலுக்கு. எதிரில் இருப்பதும் அரண்மனையில் சேர்த்திதானே. அஞ்சாங்கிளாஸ் படித்தவன் பேச்சை அந்தக் காலேஜ் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

அப்புறம் பரிசல். பாறையில் படுத்திருந்த முதலை என்னைப் பார்த்ததும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. நடு ஆற்றில் பரிசல்காரன் வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றினான். சின்ன வயதில் அடிபம்புக் கைப்பிடி பட்டு உன் முன்பல் போனதிலிருந்து, உனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் முந்தானை வாய்க்கு வந்துவிடும். அன்றைக்கு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய். முந்தானைக்குக் கை ஏது? ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாய். அக்காவுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறதா என்று நான் பரிசலைப் பிடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையேறிப் படியில் உட்கார்ந்ததும், கிராப்புத் தலைப் பெண் ஒருத்தி உன்னை வரையட்டுமா என்று கேட்டாள். முந்தானையோடு வாயை மூடியிருந்த கையை எடுக்கச் சொல்லி, “கை தெகீரி அம்மா” என்று கன்னடத்தில் கெஞ்சினாள். நீயும் கையை எடுத்தாய். பரிசலில் சிரித்த அதே சிரிப்பு. பல் இல்லாத இடம் முதற்கொண்டு பலகையில் எண்ணெய் வர்ணத்தில் இறக்கிவிட்டாள். இதைவிட நல்ல படம் என் கைக்கு இனி வராது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். நீ வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து என் பரணில் போடச் சொன்னாய்.

நேற்று அதைத் துடைத்து உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நாகராஜ், உன் ஊதுபத்திக் கம்பெனி கார்டில் இருக்கிற போட்டோவைப் பெரிசாக்கி வைத்திருக்கிறான். அதில் நீ ரேஷன் தீர்ந்துபோன கடை முன்னால் நிற்பவள் மாதிரி இருக்கிறாய். பலகையைப் பார்த்துவிட்டு, வாய் மட்டும் ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று கேட்டான். சிரிப்பென்றால் பளபளக்கத்தான் செய்யும், அந்த வாய்தான் படத்திலேயே ஒசத்தி வேலை என்றேன். அதற்கு அவன் சொன்னான்:

“அம்மா உசுரோட இருந்தப்ப ஒருத்தருக்கும் காட்டாதது. செத்தப்புறம் பங்காளிகளுக்கெல்லாம் காட்டறதுங்களா மாமா?”

பையன் கேட்டது நியாயம்தான். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளை லட்சணமாகத்தான் இருக்கிறாள் என்றார்கள். அன்றைக்கு மூடியவள் நீ. உன் இஷ்டத்துக்கா மூடினாய்? அதே பங்காளிகள்தான் நாளைக்கு வடை தின்ன வருகிறார்கள். பார்க்கட்டும். முறைக்கிறவன் முறைக்கட்டும். ஆணி அடித்துவிட்டேன்; அதைப் பிடுங்குவதென்றால் சுவரையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாததில்லை. அந்தப் பெண் எவ்வளவு கெஞ்சியும் படியில் நீ கையை எடுக்கவில்லை. முகம் பாதி மறைந்துபோனதால்தான் பலகையை நம்மிடமே விட்டுப் போனாள். போன மாதம் படத்தில் இருந்த அந்தக் கையின் மேல் எனாமல் அடித்து வாயை எழுதியவன் நான். பரிசலில் என் கண்ணால் பார்த்ததை எழுதினேன். பல் இல்லாத இடத்தில் மட்டும் பிரஷ் வைக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அங்கே உன் பச்சை முந்தானை கொஞ்சம் தெரியும்.