காற்றல்ல, வெயில்

சரோனின் அப்பாவுக்கு, பாங்காக்கிலிருந்து யோன் கும்பிட்டு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் பேத்தி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் செங்கல் சுமக்கும்போது லேசாகத் தலை சுற்றியது. உடம்பில் காற்று பிடித்துவிட்டது என்று நினைத்து, பக்கத்துக் கொட்டகை ஹியாங்கிடம் தைலம் தடவி முதுகில் காசால் தேய்க்கச் சொன்னேன். அவளுக்கு முரட்டுக் கை. நீங்கள் தேய்த்தால் எனக்குத் தூக்கம் வரும். தேய்த்து முடித்ததும் சாரத்தில் ஏறினேன். பாதியில் கண் இருட்டிக் கால் வழுக்கியது. இடுப்பில் மாட்டியிருந்த வார் பிடித்துக்கொண்டது. சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

மருந்து போட்ட நர்ஸ் என் முதுகில் காசு தேய்த்த சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "யாரு பாட்டி அடிச்சது, புருஷனா?" என்றாள்.

"அவரு கம்போடியாவுல இருக்காரும்மா. அடிக்கக்கூட இவ்வளவு தூரம் வரமாட்டாரு" என்றாள் கூட வந்த ஹியாங். நானும் சிரித்தேன்.

"இது காத்து இல்ல பாட்டி, வெயில். உப்புத் தண்ணி குடிங்க, நெழல்ல உக்காருங்க. தலை சுத்துனா மேல ஏறாதீங்க" என்றாள் நர்ஸ்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். மேஸ்திரி முறைக்கிறான். காய்ச்சலில் கிடந்த ஹியாங்கைக் கலவை சுமக்கவைத்தவன் அவன். முறைக்கட்டும்.

புளித்த மீன் விழுது ஒரு டப்பா அனுப்புங்கள். இங்கே விற்பது தித்திக்கிறது. ஒரு முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

வாரில் தொங்கியபோது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. நான் கிளம்பிய அன்று, வேன் வரை வராமல் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனீர்கள். ஏன் என்று கேட்காமலே செத்திருப்பேன். வழியனுப்பப் பிடிக்காமல் போனீர்களா, முடியாமல் போனீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

யோன்